யூ.பி.எஸ். ஓடுகிறது, ஆனால் எந்த நிலையில்?

சென்ற கோடையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. “யூ.பி.எஸ். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது சார். கரண்ட் போனதும் எல்லாம் அணைந்துவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று நினைக்கிறேன்” என்றார் அங்கே வேலை செய்யும் பெண்.

போய்ப் பார்த்தேன். 6 கேவிஏ திறனுள்ள ஆன்லைன் யூ.பி.எஸ்., 16 பேட்டரிகள், வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஒவ்வொரு பேட்டரியையும் அளந்தேன். சுமை (மின்சாரம் இழுக்கும் கருவி) கொடுத்துப் பார்த்தபோதும் எதிலும் வோல்டேஜ் சரியவில்லை. முன்பக்கம் வந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது, திரையில் ‘பைபாஸ்’ என்று காட்டுகிறது. உள்ளே இருந்த பதிவுகளைப் புரட்டினேன். 19 நாட்களாக அதே நிலை! பின்பக்க விசிறியில் தூசு அடைத்து அது நின்றுபோயிருக்கிறது. உள்ளே சூடேறியதும், கருவிகளுக்கான மின்சாரத்தை உருவாக்கும் பகுதியான இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, சுமையை நேரடி மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. விட்டு விட்டு அலாரம் அடித்ததாம். வருகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று யாரோ பொத்தானை அழுத்தி அடக்கிவிட்டார்கள்.

மின்தடையில் இயந்திரம் பாதியில் நின்றதால் அன்று காலை எடுத்த மாதிரிகள் சில வீணாயின. நான் இருந்தபோதே ஒரு குழந்தைக்கு இரண்டாம் முறை ஊசி போட்டார்கள். ஒரே கையில் இரண்டு பஞ்சு ஒட்டிக்கொண்டு அது அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆன்லைன் யூ.பி.எஸ். சரியான நிலையில் இருக்கும்போது, வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக (பேட்டரியில் இருப்பது போன்ற ஒரே திசை மின்சாரமாக) மாற்றி, அதிலிருந்து புதிதாக ஏசியை (கம்பியில் வருவது போன்ற, திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை) உருவாக்கிக் கருவிக்குக் கொடுக்கிறது. பேட்டரி அந்த டிசி பகுதியோடு எப்போதும் இணைந்தே இருக்கிறது. அதனால் கரண்ட் போனால் எதுவும் ‘மாற’ வேண்டியதில்லை, கருவிக்கு இடைவெளியே தெரியாது. கரண்ட் போனபின் இப்படிப் பேட்டரியில் ஓடுவதுதான் பேட்டரி நிலை. பைபாஸில் இந்த வேலை எதுவும் நடப்பதில்லை. மின்வாரியக் கம்பியில் வரும் ஏற்ற இறக்கம் அப்படியே கருவிக்குப் போகிறது, கரண்ட் போனால் கருவியும் போகிறது. கரண்ட் இருக்கும்வரை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சரியான நிலைக்கும் பைபாஸுக்கும் வேறுபாடு தெரியாது. விளக்கு எரிகிறது, கணினி ஓடுகிறது, ஏமாந்துவிடுகிறோம்.

விசிறி மட்டும் காரணமில்லை. யூ.பி.எஸ். லைனில் குளிர்சாதனப் பெட்டியையோ லேசர் பிரிண்டரையோ சொருகினாலும் சுமை மீறி அது பைபாஸுக்குத் தாவும். சுமை குறைந்ததும் சில தானாகத் திரும்பி வரும். சில, யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை அங்கேயே இருக்கும்.

இன்னொன்று ஈகோ நிலை. மின்சாரத்தை இருமுறை மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதை மிச்சம் பிடிக்க, மின்சாரம் நன்றாக இருக்கும் நேரத்தில் பைபாஸ் வழியாகவே கொடுத்து, தேவைப்படும்போது இன்வெர்ட்டருக்கு மாறுவது இதன் வழி. சில மில்லி விநாடி இடைவெளி இருக்கும். சாதாரணக் கணினிகளுக்கு இது போதும். பரிசோதனைக் கருவிகள் இருக்கும் இடத்தில், வோல்டேஜ் அடிக்கடி ஆடும் ஊர்களில் இதை வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒருபுறம் ‘யூ.பி.எஸ்.’, மறுபுறம் ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டே பார்க்காத வீடுகள்தான் நான் போகும் வீடுகளில் அதிகம். யூ.பி.எஸ். பக்கம் வைத்தால் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரையே வெளி மின்சாரத்தை ஏற்கும். கரண்ட் போனால் சுமார் 10 மில்லி விநாடியில் மாறிவிடும். நார்மல் பக்கம் வைத்தால் 100 முதல் 290 வோல்ட் வரை ஏற்கும், மாறுவதற்கு 30, 40 மில்லி விநாடி கூட ஆகலாம். நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. கணினியின் பவர் சப்ளை ஏறக்குறைய அந்த அளவுதான் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு மின்தடையிலும் கணினி மறுபடி துவங்குகிறது என்று புதுப் பேட்டரி வாங்கப் போனவர்களை நான் தடுத்திருக்கிறேன். சுவிட்சை நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

மாலையில் வோல்டேஜ் 160-க்கு இறங்கும் ஊர்களில் கதை தலைகீழ். யூ.பி.எஸ். பக்கம் வைத்தால், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியில் ஓடும். நிஜமாகவே கரண்ட் போகும் இரவில் பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே மின்விசிறியும் விளக்கும் மட்டும் என்றால் நார்மல் பக்கமே நல்லது.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது காலையில் கதவைத் திறப்பவர் முதலில் திரையைப் பார்த்து, அதில் உள்ள சொல்லை ஒரு நோட்டில் எழுதுகிறார். மாதம் ஒருமுறை, எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு, யூ.பி.எஸ்.ஸுக்குள் வரும் மின்சாரத்தின் பிரேக்கரை மட்டும் அணைத்து ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓடவிடுகிறார்கள். அணைப்பதற்கு முன் திரையைப் பார்ப்பது கட்டாயம். பைபாஸில் இருக்கும்போது அணைத்தால் சுமை அந்த நொடியே விழுந்துவிடும்.

பெரிய யூ.பி.எஸ்.களில் பராமரிப்பு பைபாஸ் என்று ஒரு கைப்பிடி உண்டு. பழுது பார்க்கும்போது இயந்திரத்தை முழுவதும் விலக்கி வைக்க அது பயன்படுகிறது. அதை நீங்கள் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பினால் வெளி மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒன்றோடொன்று மோதி, உள்ளிருக்கும் பவர் டிரான்சிஸ்டர்கள் வெடித்துப்போகும். கருகிய பலகைகளைக் கழற்றியிருக்கிறேன், அந்த வாடை அறையை விட்டுப் போக இரண்டு நாளாகும். எங்களைப் போன்றவர்களும் அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி சாதாரண பைபாஸுக்குக் கொண்டுவருவோம். திரையில் அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கைப்பிடியில் கை வைப்போம்.