யுவைட்டிஸ்: ‘கண்ணுல பூச்சி’க்குச் சரியான தமிழ் எது?

கிளினிக் துண்டில் டொக்டர் எழுதுவது ‘யுவைட்டிஸ் – டொக்சோகாரா?’ என்று. லயத்துக்கு வந்து சேரும்போது அது ‘புள்ள கண்ணுல பூச்சி இருக்காம்’ என்று ஆகிவிடுகிறது. பூச்சி என்றால் பூச்சி மருந்து தானே? மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த கிளினிக்கைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. துண்டில் இருந்த கேள்விக்குறி, அழற்சி என்ற சொல், புழுவின் பெயர் மூன்றும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

முதலில் யுவைட்டிஸ். கண்ணின் சுவரில் மூன்று படைகள். வெளியே வெள்ளையான வன்கோதும் முன்னே கண்ணாடி போன்ற விழிவெண்படலமும், உள்ளே விழித்திரை, இரண்டுக்கும் நடுவே இரத்தக் குழாய் நிறைந்த கறுத்த படை ஒன்று. வெளிப்படையை உரித்தெடுத்தால் நடுப்படை தோல் உரித்த கறுப்புத் திராட்சை போலிருக்கும். பார்வை நரம்பு அதற்குக் காம்பு மாதிரி நிற்கும். கிரேக்க மருத்துவர் இதைத் ‘திராட்சை போன்றது’ என்றார்கள். அரபு மருத்துவரும் அப்படியே சொன்னார்கள். இலத்தீனில் திராட்சைக்கு ‘ஊவா’. அதிலிருந்து வந்தது ‘யூவியா’. பதுளைப் பக்கத்து ஊவாவுக்கும் இதற்கும் ஓசைப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. வாலில் உள்ள ‘ஐட்டிஸ்’ கிரேக்க விகுதி. ‘இதைச் சேர்ந்தது’ என்ற பொதுப்பொருளில் இருந்தது, மருத்துவத்தில் அழற்சியைக் குறிப்பதாகிவிட்டது.

‘அழற்சி’ நல்ல சொல். அழல் என்றால் நெருப்பு. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லும் இலத்தீனின் தீச்சுடரிலிருந்து வந்ததுதான். சிவப்பு, வீக்கம், சூடு, நோவு என்ற நான்கு அடையாளங்களையும் இந்த ஒரு சொல் தாங்கும்.

தகராறு ‘யூவியா’வுக்குத்தான். ‘கருவிழி அழற்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். கருவிழி என்பதை ஒருவர் முன்னே இருக்கும் கண்ணாடி போன்ற படலத்துக்குச் சொல்வார், இன்னொருவர் அதன் பின்னே தெரியும் கறுப்பு வட்டத்துக்குச் சொல்வார். நோய் இருப்பதோ பல வேளைகளில் இரண்டுக்கும் பின்னால். நம் பாடப்புத்தகத்தில் நடுப்படையின் பகுதிகளுக்குச் சொற்கள் ஏற்கெனவே உண்டு: முன்னே கண்மணியைச் சுற்றிய வளையமான கதிராளி, அடுத்துப் பிசிருடல், பின்னே தோலுரு. மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘விழிநடுப்படலம்’ பொருந்தும். யுவைட்டிஸ் என்பது விழிநடுப்படல அழற்சி. முன்பக்கம் மட்டும் என்றால் கதிராளி அழற்சி, பின்பக்கம் என்றால் தோலுரு அழற்சி. எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் சொட்டு மருந்து போதுமா, வாய்வழி மருந்தும் வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். சொட்டு மருந்து கண்ணின் பின்பகுதி வரை போதுமான அளவில் போய்ச் சேராது.

அடுத்து ஒட்டுண்ணி. இதன் கிரேக்க மூலம் ‘பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவர்’, அதாவது அடுத்தவர் பந்தியில் உட்காருகிறவர். தமிழ் இன்னும் கறாராக ‘ஒட்டி உண்பது’ என்கிறது. ஆனால் மலையகத்தில் உண்ணி என்றால் நாயின் காதில் தொங்குகிற உண்ணிதான். ‘ஒட்டுண்ணியால் வந்தது’ என்றால் தாய் உண்ணியைத் தேடுவார். அதனால் வீட்டாரிடம் பேசும்போது ‘நாய் வயித்துல இருக்குற வட்டப்புழுவோட குஞ்சு’ என்பதே தெளிவு.

டொக்சோகாராவின் ‘டொக்சோ’ பலரை ஏமாற்றுகிறது. நஞ்சைக் குறிக்கும் ‘டொக்சின்’ நினைவுக்கு வந்து ‘நச்சுப்புழு’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ‘டொக்சோன்’ என்றால் கிரேக்கத்தில் வில். அம்பில் தடவும் மருந்துக்கு வில்லின் பெயர் ஒட்டி, அது பிறகு நஞ்சாயிற்று. ‘காரா’ என்றால் தலை. புழுவின் கழுத்தில் இருபுறமும் சிறகு போல விரிந்த தோல்மடிப்பு அம்புமுனையை நினைவூட்டுவதால் இந்தப் பெயர். தமிழில் ‘நாய் வட்டப்புழு’ போதும். பூனைக்கும் அதன் இனம் ஒன்று உண்டு.

இந்தப் புழு பிள்ளையின் குடலில் வளர்வதில்லை. முட்டை வயிற்றுக்குள் போனதும் குடம்பி, அதாவது புழுவின் குஞ்சு, வெளிவந்து, குடல்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரல், நுரையீரல், சில வேளை கண் வரை அலைகிறது. முதிர்வதில்லை, முட்டையிடுவதில்லை. அதனால்தான் மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ‘மலம் சுத்தமா இருக்கு’ என்ற ரிப்போட் இங்கே எதையும் தீர்க்காது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஒற்றை மெபெண்டசோலோ அல்பெண்டசோலோ குடல் புழுவுக்கானது. கண்ணில் நிற்கும் குடம்பிக்கு அது மருத்துவம் ஆகாது.

பெரும்பாலும் ஒரு கண்தான் பாதிக்கப்படும். சிவப்போ நோவோ இல்லாமலே இருக்கலாம். பிள்ளைக்கு மற்றக் கண் தெரிவதால் முறைப்பாடும் வராது. வீட்டில் கவனிப்பது மாறுகண், அல்லது கண்மணியில் ஒரு வெண்மை. ‘கண்ணுல பூ விழுந்துருச்சு’ என்பார்கள். பூ என்ற சொல் விழிவெண்படலத் தழும்புக்கும் உள்ளிருந்து தெரியும் வெண்மைக்கும் சேர்த்தே வழங்குவதால் ஆறப்போட்டுவிடுகிறார்கள். உள்ளிருந்து வெள்ளையாகத் தெரிந்தால் அதே வாரத்தில் கண் டொக்டரிடம் போக வேண்டும். காரணம், விழித்திரைப் புற்றுநோயும் இப்படித்தான் தெரியும். 1950இல் வைல்டர் என்ற நோயியலாளர், அகற்றப்பட்ட 46 பிள்ளைக் கண்களை வெட்டிப் பார்த்தபோது 24இல் புழுவின் அடையாளம் இருந்தது. பெரும்பாலானவை புற்றுநோய் என்று நினைத்து எடுக்கப்பட்டவை. அந்தக் குடம்பி நாய் வட்டப்புழுவினுடையது என்பது 1956இல் தெளிவானது. இன்றும் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் முன் கண்ணுக்குள் ஊசி போட்டு நீர் எடுக்கமாட்டார்கள். புற்றுக்கலங்கள் வெளியே பரவிவிடும். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்ப்பதும் உண்டு, ஆனால் கண் நோயில் அளவு குறைவாக இருக்கலாம். ‘நெகட்டிவ்’ என்பதால் புழு இல்லை என்று சொல்ல முடியாது.

மருத்துவத்தில் முதலிடம் அழற்சிக்கு, புழுவுக்கு இரண்டாமிடம். கண்ணைக் கெடுப்பது குடம்பியின் வாயல்ல, அதைச் சுற்றி உடல் மூட்டுகிற நெருப்பும் பின்னால் வரும் தழும்பும்தான். தழும்பு சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். அப்போது சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். ஆகவே அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட்: முன்பக்கத்துக்குப் பிரெட்னிசொலோன் அசிற்றேற் 1% சொட்டு, பின்பக்கத்துக்கு வாய்வழிப் பிரெட்னிசொலோன், வழக்கமாக நாளுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. அதாவது 18 கிலோப் பிள்ளைக்கு 9 முதல் 18 மி.கி. அல்பெண்டசோலை ஸ்டீரொயிட்டின் காப்போடு டொக்டர் சேர்க்கலாம். உடலுள் அலையும் குடம்பிக்கு 400 மி.கி. நாளுக்கு இரு வேளை, 5 நாள் என்று ஒரு முறை உண்டு. கண்ணுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே அளவு கிடையாது. வீட்டில் தனியாகக் கொடுப்பது ஆபத்து: சாகிற குடம்பியே அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும்.

சொட்டு மருந்தில் தவறுவது சின்னச் சின்ன இடங்களில். பிரெட்னிசொலோன் அசிற்றேற் ஒரு தொங்கல். வெள்ளை மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் முதல் நாட்களில் வெறும் தண்ணீரும் கடைசியில் கெட்டி மருந்தும் போகும். ஒரு துளி போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதும் மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடமாவது மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கும். கண்மணியை விரிக்கும் அட்ரோப்பின் சொட்டும் இருந்தால் இது இன்னும் முக்கியம்: முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் கண்டால் மருந்து உடலில் கூடிவிட்டது என்று பொருள், நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிட இடைவெளி. முரண்டு பிடிக்கிற பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் துளியை விட்டுக் காத்திருங்கள். கண் திறக்கும்போது உள்ளே போகும். ஸ்டீரொயிட்டைச் சடுதியாக நிறுத்தக்கூடாது. வாய்வழி மருந்து ஓடுகிற நாட்களில் எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசி நாள் வந்தால் மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண் அழுத்தம் கூடுவதும் கண்வில்லை மங்கிப்போவதும் ஸ்டீரொயிட்டாலேயே வரலாம், அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு கிளினிக்கும்.

அழற்சி அடங்கியபின் சோம்பல் கண் மிஞ்சலாம், அதாவது மூளை அந்தக் கண்ணின் பார்வையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். நல்ல கண்ணை நாளுக்கு 2 முதல் 6 மணி நேரம் மூடிவைத்து நோய்க் கண்ணை வேலை வாங்குவார்கள். நோயுள்ள கண்ணை மூடிவிடுகிற தவறு சாதாரணமாக நடக்கிறது. 7, 8 வயதுக்கு முன் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

டொக்சோபிளாஸ்மாவும் அதே ‘வில்’லில் பிறந்த பெயர், வடிவம் வளைந்திருப்பதால். ஆனால் அது புழுவே அல்ல. பூனை வழி பரவும் ஒற்றைக்கல உயிர். கருவிலேயே தொற்றி, பிறகு கண்ணில் விழித்திரை–தோலுரு அழற்சியாக வெளிப்படலாம். அங்கே கிருமிக்கான மருந்து இல்லாமல் ஸ்டீரொயிட் மட்டும் கொடுத்தால் நோய் காட்டுத்தீயாகப் பரவும். ‘டொக்சோ’ என்று சுருக்கி எழுதுகிற பழக்கத்தை இதற்காகவே விட்டுவிட வேண்டும். ‘கண்ணுல பூச்சி’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

முட்டை எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு குட்டி நாயிடமிருந்து. தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். குட்டிக்கு 2, 4, 6, 8ஆம் வாரங்களில் பூச்சி மருந்து, அதே நாட்களில் தாய்நாய்க்கும். புதிய மலத்திலுள்ள முட்டை தொற்றாது. மண்ணில் ஒன்று முதல் நான்கு வாரம் கிடந்தால்தான் தொற்றும். ஆகவே அன்றன்றே அள்ளிப் புதைத்தால் பாதி வேலை முடிந்தது. குளிரில் முட்டை முதிர நாள் கூடும், ஆனால் ஈரநிழலில் மாதக்கணக்கில் தாங்கும். கிருமிநாசினி அதை அசைக்காது, கொதிநீர் கொல்லும். பிள்ளைக்காம்பரா முற்றத்தில் மண் தின்னும் பிள்ளை முதல் ஆபத்தில் இருக்கிறது. அடுத்து, லயத்துக் கோடியில் தரையோடு படர்ந்து பச்சையாகவே சம்பலாகிற வல்லாரை: முட்டை ஒட்டும் தன்மையுள்ளது, கட்டோடு முக்கி எடுத்தால் போகாது, இலை இலையாகப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்.