ஸ்பீடு கேமரா அபராதம்: உயிரைக் காக்கவா, கஜானாவை நிரப்பவா?

வேகமாகப் போனதாக இ-சலான் வந்ததும் பலரும் சொல்வது ஒன்றுதான்: "வசூலுக்குத்தான் கேமரா வைக்கிறார்கள்." இந்தச் சந்தேகம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல, இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதே பேச்சு உண்டு. சரி, அது உண்மையா? அந்தக் கேமராவை எந்த விதியின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். வசூலுக்காக வைத்த கேமராவை அடையாளம் காணும் வழி அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்கும் பொறுப்பை அது மாநில அரசுகளிடம் கொடுத்தது. எப்படிக் கண்காணிப்பது என்ற விவரம் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியில் இருக்கிறது. கம்பத்தில் இருக்கும் கேமரா, போலீஸ்காரர் கையில் பிடிக்கும் ஸ்பீடு கன், நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமரா எல்லாம் இதற்குள் அடங்கும்.

விதி போட்டிருக்கும் நிபந்தனைகள்தான் முக்கியம். விபத்து ஆபத்து அதிகமுள்ள, போக்குவரத்து அடர்ந்த நெடுஞ்சாலைப் பகுதிகளிலும் முக்கியச் சந்திப்புகளிலும் கருவியை வைக்க வேண்டும். கருவி துல்லியமாக வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமித்த அமைப்பு சான்று தர வேண்டும். அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு இருக்கிறது என்று முன்னாலேயே கண்ணில் படும்படி போர்டு வைக்க வேண்டும். மரத்தடியில் மறைந்து நின்று ஸ்பீடு கன்னை நீட்டுவது இந்த விதியோடு ஒட்டவே ஒட்டாது.

136ஏ பிரிவு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்று மாநிலங்களை உச்ச நீதிமன்றம் 2024-இல் நெருக்கியது. அந்த வழக்கு 2012-இல் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்டது. அடிபட்டு வந்தவர்களை அறுவை மேசையில் பார்த்துப் பார்த்து அலுத்த ஒருவர் தொடங்கிய வழக்கு அது. எனவே கேமரா என்றாலே அரசின் பணத்தாசை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

அபராதம் எவ்வளவு? 183-ஆம் பிரிவுப்படி கார் போன்ற இலகுரக வண்டிகளுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடியும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம். இதே பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. "வண்டி வேகமாக வந்த மாதிரி இருந்தது" என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் வைத்து யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது. கருவியில் எடுத்த அளவு வேண்டும். அந்த வகையில் கேமரா ஓட்டுநருக்கும் சாட்சிதான்.

இனி, கேமராவால் விபத்து குறைகிறதா?

வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பில் சந்தேகம் இல்லை. சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 71 சதவீதச் சாவுகளுக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்த 71 சதவீதத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். குண்டும் குழியும், விளக்கில்லாத வளைவு, தவறான இடத்தில் வைத்த தடுப்பு என்று எது காரணமாக இருந்தாலும், போலீஸ் பதிவில் "அதிவேகம், அஜாக்கிரதை" என்று எழுதுவது சுலபம். அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது பெரிய எண்ணிக்கைதான்.

கேமராவின் பலனைப் பற்றி நிறைய ஆராய்ந்த நாடுகளில் இங்கிலாந்தும் ஒன்று. பல நாடுகளின் 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு 2010-இல் வந்தது. கேமரா இருக்கும் இடங்களுக்கு அருகில் உயிரிழப்பும் படுகாயமும் உண்டாக்கும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாக அந்த ஆய்வுகள் காட்டின. எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. குறைந்தது என்பதில் இல்லை.

ஆனால் அரசு சொல்லும் கணக்கில் ஒரு பொத்தல் இருக்கும். 2005-இல் வந்த பிரிட்டன் அறிக்கை, கேமரா வைத்த இடங்களில் சாவும் படுகாயமும் 42 சதவீதம் குறைந்தது என்றது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததே முந்தைய ஆண்டுகளில் அங்கே விபத்து கூடியிருந்ததால்தான். தற்செயலாக ஓரிரு வருடம் விபத்து கூடிப்போன இடத்தில், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிறகு எண்ணிக்கை இறங்கும். அந்தத் தானாக இறங்கும் பங்கைப் பிரித்துப் பார்த்தபோது கேமராவின் உண்மையான பங்கு கணிசமாகச் சுருங்கியது. அதே அறிக்கையின் பின்னிணைப்பிலேயே அது இருக்கிறது. தலைப்புச் செய்தியில்தான் இல்லை.

இன்னொரு குறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. கேமராவுக்கு முன்னால் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர். அதற்கு மாற்று, இரண்டு இடங்களில் கேமரா வைத்து, இடையே உள்ள தூரத்தைக் கடக்க வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுவது. பிரிட்டனில் அப்படிச் செய்த சாலைகளில் சாவும் படுகாயமும் தரும் விபத்துகள் 36 சதவீதம் குறைந்ததாக 2016-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இதில் தானாக இறங்கும் பங்கைக் கழித்துவிட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். பிரிட்டனில் 2000 முதல் 2007 வரை, கேமராவை நடத்தும் செலவை அபராதப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கேமராக்கள் வேகமாகப் பெருகின, மக்களின் சந்தேகமும் கூடவே பெருகியது. 2007-இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கேரளம் 2023-இல் 726 கேமராக்களைக் கொண்டுவந்தபோது, திட்டச் செலவை அபராத வருவாயிலிருந்து ஈடுகட்டுவது பற்றி இதே சர்ச்சை கிளம்பியது. அதில் வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் எட்டே எட்டு. நான்கு நிலையானவை, நான்கு நடமாடுபவை. 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றுக்கு. வேகத்தைத் தடுப்பதுதான் முதல் நோக்கம் என்றால் இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது. ஆனால் ஹெல்மெட்டும் உயிர் காப்பதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

சென்னையில் நடந்தது வேறு வகை. 2023 ஜூனில் தானியங்கி ரேடார் கருவிகளோடு பகலில் மணிக்கு 40 கிலோமீட்டர், இரவில் 50 என்ற பழைய வரம்பைச் செயல்படுத்தப் போவதாகப் போலீஸ் சொன்னது. எல்லா வண்டிக்கும், எல்லாச் சாலைக்கும் ஒரே அளவு. எதிர்ப்பு கிளம்பவே நிறுத்திவைத்தார்கள். நவம்பரில் புது வரம்பு வந்தது: கார்களுக்கு 60, இருசக்கர வண்டிக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. செய்ய வேண்டிய வரிசை இதுதான். சாலைக்குப் பொருந்தாத வரம்பை வைத்துக்கொண்டு கேமராவை முடுக்கினால், ஒழுங்காக ஓட்டுபவரும் மாட்டுவார். அப்புறம் வசூல் என்ற பேச்சை யாராலும் நிறுத்த முடியாது. நன்றாக வேலை செய்யும் கேமராவில் ஆண்டுக்கு ஆண்டு வசூல் குறைய வேண்டும். ஒரே இடத்தில் வருடக்கணக்காக வசூல் குறையாமல் இருந்தால், அங்கே வேக வரம்போ சாலையின் அமைப்போ தப்பு.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் என்ன பார்ப்பது? 167ஏ விதிப்படி அதில் மீறலையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று ஆகியவை இருக்க வேண்டும். மீறல் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 விதி சொன்னது. படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா என்று முதலில் பாருங்கள். எட்டை மூன்றாகவோ ஏழை ஒன்றாகவோ கேமரா படித்துவிட்டால் வேறொருவர் சலான் உங்கள் பெயரில் வரும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் இ-சலான் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே மறுக்கலாம். கண்டுகொள்ளாமல் விடுவது நல்லதல்ல. நிலுவை இருந்தால் ஆர்.சி. தொடர்பான வேலைகள் தடைபடலாம்.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று ஏதாவது ஆப் கோப்பு வந்தால் தொடாதீர்கள், அது மோசடி. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

தினமும் போகும் வழியில் உள்ள கேமரா மீது சந்தேகம் இருந்தால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். அந்தக் கருவிக்கு இந்த ஆண்டுச் சான்று இருக்கிறதா? கேமரா வைப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் பிந்தைய ஆண்டுகளிலும் அங்கே நடந்த விபத்துகள் எத்தனை? ஆண்டுவாரியாகப் போட்ட சலான்கள் எத்தனை? பதில் தர 30 நாள் அவகாசம். விபத்து எண்ணிக்கையும் சலான் எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கியிருந்தால் கேமரா தன் வேலையைச் செய்கிறது. விபத்து அப்படியே இருக்க சலான் மட்டும் ஏறியிருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் கவுன்சிலரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ போகலாம்.