நம்பகத்தன்மை அல்ல, காலப்பொருத்தம்

'ஆதென்டிசிட்டி' என்ற சொல்லை எங்கே கண்டாலும் 'நம்பகத்தன்மை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இடைக்கால ஐரோப்பிய வாழ்வை மீள நிகழ்த்திக் காட்டும் குழுக்களின் கைவினைப் போட்டி பற்றிய தமிழாக்கம் ஒன்றிலும் 'நடுவர்கள் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் இடுவார்கள்' என்றே இருந்தது. இது பிழை. பொருளையே புரட்டிப் போடும் பிழை.

இந்தக் குழுக்களில் பெரியவற்றில் ஒன்று, 1966 மே 1 அன்று அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்'. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உடை, மட்பாண்டம், காலணி, ஓவியச் சுவடி, உணவு எனப் பலவற்றை உறுப்பினர்கள் தம் கையால் செய்து போட்டிக்குக் கொண்டுவருவார்கள். மதிப்பெண் படிவம் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் சான்றாவணம், ஆதென்டிசிட்டி, கைத்திறன், செய்முறையின் கடினம் ஆகியவை பெரும்பாலும் தனித்தனிக் கட்டங்களாகவே இருக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம். தானே செய்தவன், தன் அதிகாரத்தில் செயல்படுபவன் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து கிளைத்து, லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்துக்கு வந்தது. நமக்கு வேண்டியது அதன் இன்றைய வேலை.

நம்பகம் என்பது ஆளைப் பற்றியது, அல்லது அவர் சொல்லும் செய்தியைப் பற்றியது. 'நம்பகமான ஆள்' என்போம், 'நம்பகமான தகவல்' என்போம். ஒரு தோல் காலணியை நம்பி என்ன செய்வது? போட்டியில் நம்பகத்துக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அது சான்றாவணக் கட்டம். எந்த அகழாய்வுப் பொருளைப் பார்த்துச் செய்தேன், எந்த ஓவியத்தில் இந்தத் துணிவெட்டு இருக்கிறது என்று போட்டியாளர் எழுதித் தருவதை நம்பலாமா என்று நடுவர் அங்கே பார்க்கிறார். அடுத்த கட்டத்துக்கும் நம்பகத்தன்மை என்றே பெயரிட்டால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர் தன்னைப் பொய்யர் என்று சொல்லிவிட்டதாக நினைப்பார். அவர் செய்த குற்றமோ லினன் இருக்க வேண்டிய இடத்தில் பருத்தியை வைத்தது மட்டும்தான். 'கிரெடிபிலிட்டி', 'ரிலையபிலிட்டி', 'ஆதென்டிசிட்டி' மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, தமிழில் சொல் போதவில்லை என்று குறைப்படுகிறார்கள். போதாதது சொல்லா, சிந்தனையா?

'உண்மைத்தன்மை' என்று சிலர் திருத்துகிறார்கள். அது அரசு அலுவலகச் சொல். பட்டச் சான்றிதழ் போலியா இல்லையா என்று பார்த்துத் தருவதே உண்மைத்தன்மைச் சான்று. போட்டிக்கு வந்த ஜாடியை 14ஆம் நூற்றாண்டு ஜாடி என்று யாரும் ஏமாற்றவில்லை, போன மாதம் சூளையில் சுட்டது என்று எல்லாருக்கும் தெரியும். 'அசல்தன்மை' இன்னும் மோசம். அசலுக்கு எதிர்ச்சொல் நகல். போட்டிக்கு வருபவை நகல்களே. நகலில் அசல்தன்மையைத் தேடச் சொன்னால் நடுவர் எதைத் தேடுவார்?

நான் பரிந்துரைப்பது 'காலப்பொருத்தம்'. இந்தப் பொருள் அந்தக் காலத்தில் அந்த மக்களிடம் இருந்திருக்கக் கூடியதா என்ற கேள்வியை அந்தச் சொல்லே கேட்டுவிடுகிறது. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் இடுகாட்டில் 1921இல் தோண்டியெடுத்த இடைக்காலக் கம்பளி உடைகளைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்து பழுப்பேறிவிட்டவை அவை. அந்தப் பழுப்பை அப்படியே சாயமேற்றிக் கொண்டுவருபவர் அருங்காட்சியகப் பொருளுக்கு உண்மையாக இருக்கிறார், அதை உடுத்தியவரின் காலத்துக்கு அல்ல. காலப்பொருத்தம் என்று எழுதியிருந்தால் இந்த வேறுபாடு நடுவருக்குச் சட்டென்று தெரியும். இன்னொரு நன்மை, பொருத்தத்துக்கு அளவு உண்டு. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும்போது சில பொருந்தும், சில பொருந்தாது. அதுபோல வெட்டில் பொருத்தம், நூலில் பொருத்தமில்லை என்று இங்கும் பிரித்துச் சொல்லலாம்.

பொருந்தாததை என்ன செய்வது? இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. பிழையில்லாதது வழாநிலை, பிழை வழு, காரணம் கருதி ஏற்கும் பிழை வழுவமைதி. நன்னூல் காலவழுவமைதி சொல்லும்போது விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணங்களைக் கேட்கிறது. இன்னும் உண்டு முடிக்காதவன், கூப்பிட்ட அவசரத்தில் 'உண்டேன்' என்றால் விரைவு கருதி ஏற்கிறோம். காரணம் இல்லாவிட்டால் அது வெறும் வழு. அது வினைச்சொல்லின் காலம் பற்றியது, ஆனாலும் முறை அப்படியே இங்கே பொருந்தும். இடைக்கால மட்பாண்டங்களில் ஈய மெருகு பூசினார்கள். இன்று அதில் யாரும் குடிக்கக் கூடாது, ஆகவே ஈயமில்லா மெருகு வழுவமைதி. இந்தக் குழுக்கள் நடத்திக்காட்டும் போரில் எஃகு வாளுக்குப் பதில் பிரம்பு வாள், அதுவும் வழுவமைதி. வெளியே தெரியும் தையலைக் கையால் போட்டு, உள்தையலை எந்திரத்தில் ஓட்டியவர் காரணத்தை எழுதிவைத்தால் ஏற்கலாம். பளபளக்கும் பாலியெஸ்டர் துணிக்கு 'கடையில் அதுதான் இருந்தது' என்பது காரணம் ஆகாது. அது காலவழு, மதிப்பெண் குறையத்தான் வேண்டும்.

கடைசியாக, மதிப்பெண் படிவத்தில் வரும் 'பிராக்டிகாலிட்டி'யை 'நடைமுறைச் சாத்தியம்' என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். பொருள் செய்து முடிந்து மேசைமேல் இருக்கிறது, இனிச் சாத்தியமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு ஈரப் புல்லில் ஒரு நாள் முழுக்க நடக்க முடியுமா என்பதே நடுவரின் கேள்வி. அதற்குப் 'புழக்கத் தகுதி' என்றால் போதும்.