ஜாப் ஒர்க் கூலி பாக்கியா? 45 நாள் சட்டத்தை நம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டு மிஷின் போட்டு பவர் டேபிள், அதாவது மற்றக் கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், நடத்திய ஓர் அக்கா ஒரு டைரியோடு வந்தார். நான்கு லட்சத்துச் சொச்சம் பாக்கி. தேதி, ஸ்டைல் நம்பர், பீஸ் கணக்கு எல்லாம் ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தார். "இதை வெச்சு ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" என்று கேட்டார். டைரி முழுக்க அவர் கையெழுத்துதான். வேலை கொடுத்த பார்ட்டியின் கையெழுத்தோ சீலோ ஒரு பக்கத்திலும் இல்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் இல்லை. ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க அதற்குள் மூன்று மிஷினை விற்றிருந்தார்.

அவரைப் போல இன்னும் பலரைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். இவர்களுக்கென்றே ஒரு சட்டம் 2006-லிருந்து இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று பெயர். குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18 சதவீதம். ஒரு லட்சம் பாக்கிக்கு ஒரு வருடத்தில் 19,562 ரூபாய் வட்டி ஆகிறது. சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

திருப்பூரில் இது ஏன் இவ்வளவு பேரைத் தொடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பனியன் கம்பெனி என்றால் நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை பெரும்பாலும் ஒரே கூரைக்குள் நடந்தது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதே காலத்தில் ஏற்றுமதியும் பெருகியது. பெரிய பாக்டரி ஒன்றைக் கட்டி ஆட்களை வைத்திருப்பதைவிட, வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுப்பது முதலாளிகளுக்குத் தோதாக இருந்தது. பனியன் தொழில் சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலில் நெடுங்காலம் இருந்ததும் கம்பெனிகளைப் பெருக்காமல் பிரிக்கவே தூண்டியது. இப்போது ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஏழெட்டு ஷெட் ஏறி இறங்குகிறது. நேற்று டெய்லராக இருந்தவர் இன்று நான்கு மிஷின் போட்டு முதலாளி ஆகிறார். ஊர் வளர்ந்ததே அப்படித்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் வேலை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியபோது கடனும் கூடவே இறங்கியது. வெளிநாட்டு பையர் 90 நாள் கேட்டால் ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்காரரிடம் 120 நாள் கேட்கிறார். வங்கிக் கடன் கிடைக்கிறவருக்கு, வங்கிக் கடன் கிடைக்காதவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும், மேலே விழுந்த அடி கடைசிப் படியில் இருந்தவர் மீதுதான் வந்து இறங்கியது. பையரிடமிருந்து பணம் வரவில்லை என்பது உங்களுக்குத் தராமல் இருக்கச் சட்டத்தில் காரணமே அல்ல. கெடு, நீங்கள் டெலிவரி கொடுத்து அவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது.

முதல் பள்ளம் உத்யம் பதிவுத் தேதி

பணம் நின்ற பிறகு ஓடிப்போய் உத்யம் பதிவு வாங்குகிறார்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொல்லிவிட்டது. 2025-ல் இன்னோர் அமர்வு அந்தக் கருத்தில் ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. தீர்ப்பு மாறும் என்று காத்திருக்காதீர்கள். வக்கீல் வைத்து வாதாட வசதி உள்ளவர்களுக்கான வழி அது. நீங்கள் அடுத்த ஆர்டரை எடுக்கும் முன் பதிவு செய்துவிடுங்கள்.

பதிவு இலவசம். ஆதாரும் பான் கார்டும் போதும், எந்தச் சான்றையும் பதிவேற்றச் சொல்ல மாட்டார்கள். ஜிஎஸ்டி எடுக்க வேண்டிய அளவுக்கு வரவுசெலவு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த எண்ணும் வேண்டும். "ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் 2,000" என்று கேட்கும் இணையதளம் அரசுத் தளம் அல்ல. கூகுளில் முதலில் வந்து நிற்பதும் பல சமயம் இந்த மாதிரித் தளம்தான். பணம் போவதைவிட மோசமான கேடு ஒன்று அங்கே நடக்கிறது. அவசரத்தில் தொழில் வகையில் "வியாபாரம்" என்ற குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள். மொத்த, சில்லறை வியாபாரிகளை 2021-ல் உத்யமுக்குள் சேர்த்தார்கள். ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும்தான், 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. தையல் வேலை செய்கிறவர் காகிதத்தில் துணி வியாபாரியாக நின்றால், எதிர்த்தரப்பு அந்தச் சான்றிதழையே எடுத்து நீட்டும். உங்கள் சான்றிதழை இப்போதே திறந்து பாருங்கள். உற்பத்தி அல்லது சேவை என்று இருக்க வேண்டும்.

அளவு வரம்பைப் பற்றிப் பவர் டேபிள்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல், முதலீடு 2.5 கோடியும் விற்றுவரவு 10 கோடியும் தாண்டாதவரை குறு நிறுவனம்தான். நடுத்தர நிறுவனங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை.

யார் பெயரில் வேலை, யார் பெயரில் பில்

ஒரே ஆபீசில் மூன்று கம்பெனி போர்டு தொங்கும். ஆர்டர் போனில் வரும். கட்டிங் பண்டில் ஒரு கம்பெனி சலானில் வரும், பணம் வேறொரு கம்பெனி அக்கவுண்டிலிருந்து வரும். நன்றாக ஓடும்வரை இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பணம் நின்றதும், "இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை" என்று முதல் கம்பெனி பதில் போடும். இடையில் ஒரு காண்ட்ராக்டர் இருந்தால், அவரைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அதனால் முதல் லாட் இறங்கும்போதே எந்தக் கம்பெனி பெயரில், எந்த ஜிஎஸ்டி எண்ணுக்குப் பில் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அக்கவுண்டன்ட் சொல்லுவாரு" என்றால் அந்த அக்கவுண்டன்டிடமே எழுதிக் கேளுங்கள். பில்லிலும் சலானிலும் உங்கள் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். "இவர் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

டெலிவரி சலானின் இரண்டாவது காப்பியில் சீல், கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் கிறுக்கிய கையெழுத்தாக இருந்தாலும் கம்பெனி சீல் இருந்தால் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். 15 நாள் கெடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. சரக்கை வாங்கியவருக்கு அதில் குறை இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், டெலிவரி ஆன நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கணக்கில் எடுக்கும். நான்கு மாதம் கழித்து, நீங்கள் பணம் கேட்ட மறுவாரம், "ஸ்டிச்சிங் டேமேஜ், 60,000 கழிவு" என்று வரும் டெபிட் நோட்டை வாய் பேசாமல் வாங்கி வைக்காதீர்கள். டெலிவரி தேதியைக் குறிப்பிட்டு, இதை ஏற்கவில்லை என்று அன்றைக்கே ஒரு பதில் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதிடுவார்கள்.

பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பது இன்னொரு வழக்கம். தீபாவளி போனஸ் நேரத்தில்தான் இதைச் செய்வார்கள், ஏனென்றால் அன்றைக்கு உங்களால் மறுக்க முடியாது. அந்த வவுச்சரில் "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று ஒரு வரி இருக்கும். படித்துப் பாருங்கள். "இத்தனை ரூபாய் மட்டும் பெற்றேன், மீதி பாக்கி" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

2024-க்குப் பிறகு வந்த புதுத் தொல்லை

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதாவது அவருக்கு வரி கூடும். நல்ல ஏற்பாடு. மார்ச் மாதத்தில் பழைய பாக்கிகள் நகர்ந்ததை நானே பார்த்தேன். ஆனால் அதோடு ஒரு வேண்டாத வேலையும் தொடங்கியது. "உத்யமைக் கேன்சல் பண்ணிடுங்க, இல்லைன்னா வேலை வேற யூனிட்டுக்குப் போயிடும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "நாங்கள் குறு, சிறு நிறுவனம் அல்ல" என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. அந்தக் கடிதம் உங்கள் கூலியை நீங்களே கைகழுவும் கடிதம். கொடுக்காதீர்கள். 90 நாள், 120 நாள் என்று ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்கினாலும் 45 நாளுக்கு மேல் அது செல்லாது. அப்படி ஒன்றில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

மனு கொடுக்கும்போது

கேட்க வேண்டிய இடம் குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட இடங்களில் இருக்கிறது. மனு இணையத்தில்தான். 2017-ல் சமாதான் என்ற தளம் வந்தது, 2025-ல் ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம் ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய் எதில் பதிய வேண்டும் என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். இல்லையென்றால் ஒன்றில் போட்டு, அடுத்ததில் போடச் சொல்லி, பிறகு காகிதமாகக் கொண்டுவரச் சொல்லி மூன்று மாதம் போய்விடும். வாரக் கூலியில் ஓடுகிற ஒருவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் என்ன என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

வேலை கொடுத்தவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் தொழில் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம் உண்டு. "பார்ட்டி வெளியூர், அங்கே போங்க" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், சட்டத்தின் 18-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு என்று சொல்லுங்கள். பிரிவின் எண்ணைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி மாற வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

மன்றம் முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அதை நம்பி யாருக்கும் செக் கொடுத்துவிடாதீர்கள். நோட்டீஸ் "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தே முதல் சில மாதம் போகும். அதனால் பார்ட்டியின் ஜிஎஸ்டி முகவரி, பாக்டரி முகவரி, மின்னஞ்சல் மூன்றையும் மனுவிலேயே கொடுங்கள். அசலை மட்டும் கேட்டு மனு போடுகிறவர்கள் நிறைய. வட்டியையும் கணக்குப் போட்டுச் சேருங்கள். சமரசப் பேச்சில் நீங்கள் விட்டுக்கொடுக்க வைத்திருக்கும் ஒரே பொருள் அந்த வட்டிதான்.

பாக்கி விழுந்து மூன்று வருடம் ஆகிவிட்டால் காலாவதி என்று எதிர்த்தரப்பு சொல்லும். "அடுத்த மாசம் பாக்கலாமுங்க" என்ற வாய்ச்சொல்லை நம்பி மூன்று வருடத்தைக் கடத்தியவர்கள்தான் என்னிடம் வந்தவர்களில் அதிகம். அந்தக் கெடு முடிவதற்குள், இவ்வளவு பாக்கி உண்டு என்று அவரிடம் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். வருடா வருடம் மார்ச் 31 தேதியிட்டு ஒரு கணக்கு ஒப்புதல் கடிதம் அனுப்பிக் கையெழுத்தும் சீலும் கேளுங்கள். கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் அவருடைய ஆடிட்டரும் அதையே கேட்டுக்கொண்டிருப்பார், அதனால் அப்போது மறுப்பது குறைவு.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, அதை எதிர்த்து வேலை கொடுத்தவர் மேலே போக வேண்டுமானால், தீர்ப்பில் சொன்ன தொகையில் 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் இறங்கி வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். மேலே போகாமலும் பணம் தராமலும் சும்மா இருந்தால், நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு வக்கீல் தேவைப்படும்.

கேஸ் போட்டால் ஏரியாவில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்ற பயத்தைப் பற்றி என்னிடம் எளிய பதில் இல்லை. சின்ன ஊர்ச் சங்கிலி இது, பேச்சு பரவும். அந்தப் பார்ட்டியின் வேலை உங்கள் மொத்த வேலையில் பாதிக்கு மேல் என்றால் முதலில் வேறு இரண்டு பார்ட்டியைப் பிடியுங்கள், பிறகு மனு போடுங்கள். அதுவரை உத்யம் எண், பில் நம்பர்கள், தேதிகள், பாக்கி, வட்டி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரி ஆனதற்கான சான்றோடு அனுப்புங்கள். மனு போடும் முன்பே, கடிதத்துக்கே பணம் வந்த கதைகள் உண்டு.

டைரியோடு வந்த அக்கா இப்போது ஐந்து மிஷினில் வேலை எடுக்கிறார். சலான் புத்தகம் மூன்று காப்பியில் அடித்திருக்கிறார், மேலே உத்யம் எண்ணோடு. பழைய நான்கு லட்சத்தில் 70,000 வந்தது. மீதிக்கு, "பாக்கி உண்டு" என்று பார்ட்டி அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சிவில் வழக்குக்காக வக்கீலைப் பார்த்து வருகிறார். அந்தச் செய்தியின் தேதிப்படி அவருக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது.