சிற்பத்தைச் சுற்றி வாருங்கள், தொட வேண்டாம்

புதுச்சேரியில் சிற்பக் கண்காட்சிக்குக் கூடம் தயார் செய்வது என் தொழில். பீடம் நிறுத்தி, விளக்கைத் திருப்பி, கடைசியாக, யாரும் சிற்பத்தை நெருங்கித் தொடாமலிருக்கத் தரையில் ஒரு கோடு ஒட்டுவோம். பலர் கண்ணில் படாதது அந்தக் கோடுதான்.

"சும்மா ஒரு தடவை தொட்டா என்னங்க ஆகும்?" என்பார்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. கை வியர்வை உப்பில் உள்ள குளோரைடு, ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்கும். வெளிர்பச்சையாய்ப் பொடி உதிரும். வீட்டுச் செம்பில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். சிற்பத்தில் அது நடக்காது. அதன் மேல்நிறம் சிற்பி ரசாயனமும் சூடும் கொடுத்து வரவழைத்தது, தேய்த்தால் அதுவும் போய்விடும். கடற்கரைச் சாலைப் பக்கத்துக் கூடங்களில் காற்றிலேயே உப்பு. அதற்கு மேல் விரல் ரேகை வேறு.

எல்லாச் சிற்பமும் உலோகமில்லை. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 1979 வாக்கில் செய்த சிற்பங்களின் மேல் வெறும் வண்ணப்பொடிதான். விரல் பட்டால் அச்சு விழும். அவர் 1992இல் உருவாக்கிய ஒரு படைப்பு தரையில் ஒரு குழி. உட்புறம் கரிய பூச்சு என்பதால் பார்ப்பவருக்குத் தரையில் வரைந்த கறுப்பு வட்டம் போலத் தோன்றும். 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஒருவர் அதற்குள் விழுந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆழம் சுமார் 2.5 மீட்டர். எச்சரிக்கைப் பலகை இருந்தும்தான்.

கண்ணை ஏமாற்றுவதே இப்படிப்பட்ட சிற்பங்களின் வேலை. அதனால் போனைப் பார்த்தபடி பின்வாங்காதீர்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்கிறவரைக் கண்டால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். முதுகுப்பையை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள், திரும்பும்போது அது எதில் இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, எப்படிப் பார்ப்பது? முன்னால் மட்டும் நின்றுவிட்டுப் போகாதீர்கள். மெதுவாக ஒரு சுற்று வாருங்கள், குனிந்தும் பாருங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிகிறதா என்று பாருங்கள்; அந்த வெற்றிடத்தையும் சிற்பி அளந்துதான் விட்டிருப்பார். நிழல் விழும் பக்கத்தை நாங்கள் அவரைக் கேட்டுத்தான் அமைக்கிறோம். ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் படத்தில் காணாமல் போகும்.

பார்வை இல்லாதவர்களை அழைத்து வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சில சிற்பிகள் அதே கல்லிலோ உலோகத்திலோ ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கவென்றே தனியாகத் தருவார்கள். சிலர் சிற்பத்தையே தொடச் சம்மதிப்பார்கள். கையுறை எங்களிடம் இருக்கும்.