சல்லிவன், ஓ'சல்லிவன்: ஓர் அயர்லாந்துக் குடிப்பெயரின் பொருளும் வழியும்

சல்லிவன்: அயர்லாந்துக் குடும்பப்பெயர். மூல மொழி: அயர்லாந்து மொழி (கேலிக்). மூல ஒலி: ஏறத்தாழ 'ஓ சூலியவான்'. ஆங்கில வழக்கு: சல்லிவன், ஓ'சல்லிவன், பழைய ஆவணங்களில் ஒற்றை லகரத்தோடு 'சலிவன்'. பொருள்: கருவிழியனின் பேரன், அதாவது கருவிழியன் வழிவந்தவர்.

ஊட்டியின் வரலாற்றைப் புரட்டியவர்கள் ஜான் சல்லிவன் என்ற பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. அயர்லாந்திலோ இது தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து எடுத்த கணக்கில் மர்ஃபி, கெல்லி இரண்டுக்கும் அடுத்த இடத்தில் சல்லிவன் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை தென்மேற்கில் கார்க், கெர்ரி என்ற இரண்டு மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன. அதற்கான காரணம் கீழே வருகிறது.

தமிழில் சல்லிக்காசு, சல்லிக்கல் என்று வழங்கும் 'சல்லி'க்கும் இந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் நிற்கும் 'ஓ' ஒரு முழுச்சொல். பழைய அயர்லாந்து மொழியில் 'உவா' என்று இருந்து 'ஓ' என்று சுருங்கியது. பொருள்: பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். இதன் இணை 'மாக்'. அதற்கு மகன் என்று பொருள். மக்கார்த்தி என்பது கார்த்தாக்கின் மகன் வழி, ஓ'பிரையன் என்பது பிரையனின் பேரன் வழி. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தில் குடும்பப்பெயர் நிலைபெறத் தொடங்கியபோது, அன்று ஊரறிந்திருந்த ஒரு முன்னோரின் பெயரோடு இந்த இரண்டில் ஒன்றை ஒட்டிக்கொண்டார்கள். சல்லிவன் குடியின் முன்னோர் பெயர் சூலியவான். 'ஓ'வுக்குப் பின் அந்தப் பெயர் ஆறாம் வேற்றுமைக்கு மாறும். எழுத்தில் கடைசி னகரத்துக்கு முன் ஓர் இகரக் குறி நுழையும். ஆகவே 'சூலியவானின் பேரன்' என்பதே சொல்லுக்குச் சொல் வரும் பொருள்.

அந்த முன்னோரின் பெயரில் 'சூல்' என்ற முதல் பகுதி கண். இதில் யாருக்கும் ஐயமில்லை. சண்டை முழுவதும் இரண்டாம் பகுதியில். 'துவ்' (கருப்பு) என்ற சொல்லோடு 'ஆன்' என்ற குறுமை விகுதி சேர்ந்து, பேச்சில் தகரம் தேய்ந்து, கருவிழியன் என்றாயிற்று என்பது ஒரு விளக்கம். 'ஒன்று' எனப் பொருள்படும் சொல் ஒட்டி ஒற்றைக்கண்ணன் ஆனது என்பது இன்னொன்று. வல்லூற்றுக்கண்ணன் என்று சொல்வோரும் உண்டு. குலப்பெருமை பேசும் நூல்களுக்கு அது பிடித்த விளக்கம். ஒலிமாற்றத்தை வைத்துப் பார்த்தால் கருவிழியனே பொருந்துகிறது என்பது எங்கள் முடிவு. ஒலி தேய்ந்த வழியை அதில்தான் படிப்படியாகக் காட்ட முடிகிறது. வல்லூற்றுக்கு அவ்வளவு இடமில்லை.

இனித் தமிழ் நிகர். பெயர் என்பதால் செய்தியிலும் கட்டுரையிலும் மொழிபெயர்க்கக் கூடாது, ஒலிபெயர்க்க வேண்டும். ஆனால் அகராதிப் பதிவுக்குப் பொருள் தர வேண்டியிருக்கும். 'கருங்கண்ணன்' என்று போட்டால் படிப்பவர் மனம் கண்ணபிரானிடம் போய்விடும். 'கருவிழியன்' நல்லது. கண்ணை வைத்து ஆளுக்குப் பெயர் அமைவது நமக்குப் புதிதல்ல: கோச்செங்கணான் என்ற சோழனின் பெயரில் இருப்பது சிவந்த கண். 'ஓ'வுக்கு 'பேரன்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்காது. பேரன் என்பது பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன். அயர்லாந்துக் குடும்பங்களிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது நெடுங்கால வழக்கம். ஆகவே 'கருவிழியன் பேரன்' அந்தக் குடிப்பெயரின் கருத்தை அப்படியே பிடிக்கிறது. வகைச்சொல்லாகப் பொதுவழக்கில் 'குடும்பப்பெயர்' போதும். இவ்வாறு ஒரே முன்னோரிடமிருந்து கிளைத்த பெயரைக் 'குடிப்பெயர்' என்பது இன்னும் கூர்மையானது.

எழுதும் முறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: 'ஓ. சல்லிவன்' என்று புள்ளி வைத்துவிடுகிறார்கள். தமிழ் வாசகர் அதை இனிஷியல் என்றே படிப்பார். ஓங்காரம், ஓவியன் என்று ஏதோ ஒரு தகப்பன் பெயரின் முதலெழுத்து என நினைத்துக்கொள்வார். 'ஓ'சல்லிவன்' என்று மேற்கோற்குறியிட்டு இடைவெளியின்றி எழுதுவதே சரி. அந்தக் குறி ஆங்கில எழுத்தர்களின் பழக்கம்; அயர்லாந்து மொழியில் கிடையாது. அங்கே 'ஓ' தனிச்சொல்லாக, தலையில் நெடில் குறியோடு, இடைவெளிவிட்டு நிற்கும். ஒற்றை லகரமா இரட்டை லகரமா என்றால், ஆங்கில ஒலிக்குச் 'சலிவன்' நெருக்கம். ஆனால் நீலகிரியிலும் தமிழ் நாளிதழ்களிலும் 'சல்லிவன்' வேரூன்றிவிட்டது. அதைக் கலைப்பதால் பயனில்லை. பெயர் அட்டவணையில் ஓகாரத்தின் கீழ் வைத்து, சகர வரிசையிலும் ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள்.

பெண்களுக்குப் பெயர் மாறும் என்பதை வெளிநாட்டார் பலரும் அறிவதில்லை. ஒருவருடைய மகளாகப் பிறந்தவர் 'ஓ' போடுவதில்லை, 'நீ' என்று போடுவார். அதன் பின் சகரம் மென்மையாகி ஹகரமாகும்: 'நீ ஹூலியவான்'. மணமாகி அந்தக் குடிக்கு வந்தவர் 'ஈ ஹூலியவான்'. அண்ணன் பெயர் 'ஓ சூலியவான்', தங்கை பெயர் 'நீ ஹூலியவான்' என்று இரண்டு தாள்களில் கண்டால் இருவேறு குடும்பம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்து எல்லாருமே ஓ'சல்லிவன் ஆகிவிடுகிறார்கள்.

இந்தக் குடி தோன்றிய இடம் கார்க்கும் அல்ல, கெர்ரியும் அல்ல. இன்றைய டிப்பரேரி மாவட்டத்தின் தெற்கில் நாக்ரஃபன் என்ற மேட்டைச் சுற்றியுள்ள வளமான சமவெளி அது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்ஸ்டர் நாட்டை ஆண்ட ஃபிங்கின் மன்னனின் வழியென்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர் அங்கே வந்தார்கள். 1192-இல் நாக்ரஃபனிலேயே மண்கோட்டை எழுப்பினார்கள். சமவெளியை இழந்த குடி மேற்கே மலையும் கடலுமான பகுதிக்கு நகர்ந்தது. கென்மேர் விரிகுடாவின் வடகரையில் டன்கெரன் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டது மூத்த கிளை. அதற்கு 'ஓ'சல்லிவன் மோர்' என்று பெயர் ('மோர்' என்றால் பெரிய). அதற்குத் தெற்கே பேரா தீவக்குறையில் டன்பாய் கோட்டையில் இருந்தது மற்றொரு கிளை. பேரா ஊர்ப்பெயர்தான். 'ஓ'சல்லிவன் பேர்' என்று ஆங்கில வழியே எழுதினால் தமிழில் விபரீதமாகப் படும். 'பேரா ஓ'சல்லிவன்' என்று முன்னே வைத்துக்கொள்வது தெளிவு.

அந்தப் பேரா கிளையின் தலைவர் டோனல் காம் (1561–1618) இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் அயர்லாந்து மறக்காத ஒருவர். 1601 இறுதியில் கின்சேல் போரில் அயர்லாந்துத் தலைவர்களும் ஸ்பெயின் படையும் ஆங்கிலேயரிடம் தோற்றபின், 1602 ஜூனில் டன்பாய் கோட்டை முற்றுகையிடப்பட்டு விழுந்தது. அவ்வாண்டின் கடைசி நாளில், நடுக்குளிரில், பெண்களும் பிள்ளைகளும் வேலையாட்களுமாக ஏறத்தாழ 1,000 பேரோடு டோனல் காம் கிளென்காரிஃபிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினார். போகும் வழியெல்லாம் தாக்குதல், பசி, பனி. ஷானன் ஆற்றைக் கடக்கப் படகு கிடைக்காமல், குதிரைகளைக் கொன்று அவற்றின் தோலை மரக்கிளைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிப் படகு செய்தார்கள், இறைச்சி உணவாயிற்று. இரண்டு வாரம், 400 கிலோமீட்டர் அளவு நடந்து லீட்ரிமில் ஓ'ரூர்க்கின் கோட்டையை அடைந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 35 பேர். அவர்களில் பெண் ஒருவர்தான். டோனல் காம் பின்னர் ஸ்பெயினில் அடைக்கலம் புகுந்து, 1618-இல் மாட்ரிட் நகரில் கொல்லப்பட்டார். அவருடைய அண்ணன் தம்பி வழி உறவினரான ஃபிலிப் ஓ'சல்லிவன் இந்தப் போர்களை லத்தீனில் எழுதி 1621-இல் லிஸ்பனில் அச்சிட்டார். நடைப்பயணத்தின் விவரம் நமக்குக் கிடைப்பதற்கு அந்த நூலே முதன்மைக் காரணம்.

ஆங்கில ஆட்சி இறுகிய 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பலர் 'ஓ'வைக் கைவிட்டார்கள். 1840-களின் பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் வெறும் சல்லிவனாகவே அமெரிக்கா போய் இறங்கினார்கள். 1893-இல் கேலிக் சங்கம் தொடங்கி மொழிப்பற்று மீண்டபோது ஊரில் இருந்தவர்கள் 'ஓ'வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் அமெரிக்காவில் சல்லிவனும் அயர்லாந்தில் ஓ'சல்லிவனும் மிகுதி. பேராவின் ஆலிஹீஸ் செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் மொன்டானாவின் பியூட் சுரங்கங்களுக்குக் கூட்டமாகப் பெயர்ந்ததில், அந்த ஊரின் பெயர்ப்பட்டியலே சல்லிவன்களால் நிறைந்தது.

பெயர் தாங்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆன் சல்லிவன் (1866–1936). பஞ்சத்தில் வெளியேறிய லிமரிக் குடும்பத்துக்கு மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஐந்து வயதளவில் டிரகோமா என்ற கண்நோயால் பார்வை பெரிதும் போயிற்று. தாயை இழந்து ஏழைகள் விடுதியில் வளர்ந்து, பாஸ்டனின் பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்து, பல அறுவைக்குப்பின் ஓரளவு பார்வை பெற்றார். 1887 மார்ச் 3 அன்று அலபாமாவின் டஸ்கம்பியாவுக்குப் போய், பார்வையும் செவியும் இல்லாத ஹெலன் கெல்லருக்கு ஆசிரியரானார். ஏப்ரலில் ஒரு நாள், அடிகுழாயில் கொட்டும் நீரில் சிறுமியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையில் 'தண்ணீர்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் பெயருண்டு என்பது அப்போதுதான் அந்தக் குழந்தைக்குப் புரிந்தது.

சிகாகோ கட்டடக்கலைஞர் லூயிஸ் சல்லிவன் (1856–1924) எஃகுச் சட்டகத்தில் எழுந்த உயர்கட்டடத்துக்கு அதற்கே உரிய வடிவம் தந்தவர். செயின்ட் லூயிஸின் வெய்ன்ரைட் கட்டடம் அவருடையது. இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனின் தந்தைவழிப் பாட்டனார் அயர்லாந்துக்காரர். குத்துச்சண்டையில் ஜான் எல். சல்லிவன், கையுறையில்லாக் காலத்தின் கடைசி வாகையர்; 1889-இல் கில்ரெயினோடு 75 சுற்று மோதினார். அயர்லாந்து மொழிக் கவிஞர் ஓவன் ருவா ஓ'சல்லிவன் (1748–1784) கெர்ரியில் பிறந்தவர். 'ருவா' செம்பட்டை முடியைக் குறிக்கும் அடைமொழி. கோவ் ஊரின் சோனியா ஓ'சல்லிவன் 1995-இல் 5,000 மீட்டர் உலக வாகை, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. ஸ்னூக்கரில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ரானி ஓ'சல்லிவன் இங்கிலாந்துக்காரர்.

தமிழகத்தோடு தொடர்புள்ளவர்களில் இரண்டு ஜான் சல்லிவன்கள் உண்டு. இருவரையும் ஒருவராக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதலாமவர் தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட், அதாவது மன்னர் அவையில் கம்பெனியின் பிரதிநிதி. 1780-களில் பாதிரியார் சுவார்ட்ஸோடு சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் அமைய வழிசெய்தவர். இரண்டாமவர் 1788-இல் லண்டனில் பிறந்து, 1815 முதல் கோயம்புத்தூர் கலெக்டர். 1819-இல் நீலகிரி மலையேறி, கோத்தகிரிப் பக்கத்தில் முதலில் தங்கி, பின் ஊட்டியில் கல் பங்களா கட்டி, ஏரியை உருவாக்கியவர். மலை நிலம் தோடர்களுக்கு உரியது என்று அரசோடு வாதாடியதும் இவர்தான். அவருடைய மனைவியும் மகளும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருக்கிறார்கள். கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவர் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. ஆண்டையும் ஊரையும் பார்த்தால் குழப்பம் தீரும்: 1780-கள், தஞ்சை என்றால் முதலாமவர், 1815-க்குப் பின், கோவை, நீலகிரி என்றால் இரண்டாமவர். பெயரின் வேர் அயர்லாந்து என்பதால் ஆளும் அயர்லாந்துக்காரர் என்று எழுதிவிடக் கூடாது. பிறந்த இடத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

இந்தப் பெயரில் வம்சாவளி தேடுவோர்க்குச் சில குறிப்புகள். பெயரை மட்டும் தட்டினால் ஆயிரக்கணக்கில் வரும். முன்னோரின் சிற்றூர்ப் பிரிவு தெரிந்தாலொழியப் பிரிக்க முடியாது. 'டவுன்லேண்ட்' என்று அங்கே சொல்வது நம் வருவாய்க் கிராமத்தைவிடச் சிறிய நிலப்பிரிவு. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கேடுகள் முழுதாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவை ஏறக்குறைய இல்லை: 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது, 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் எரிந்தது. அந்த இடைவெளியை 1847–1864 காலத்தின் கிரிஃபித் நிலமதிப்பீட்டேடும், 1864 முதலான பிறப்பு இறப்புப் பதிவும், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும் நிரப்பும். சல்லிவன், ஓ'சல்லிவன், 'ஓ' இடைவெளி விட்டது, குறியின்றி ஒட்டியது என நான்கு வடிவத்திலும் தேடுங்கள். கணினிப் படிவங்கள் பல அந்த மேற்கோற்குறியை ஏற்காமல் வெட்டிவிடுகின்றன.

அதைவிடப் பெரிய பொறி முதற்பெயர். கார்க், கெர்ரியில் வீட்டில் டெர்மட் என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் ஜெரமையா. டைக் என்பவர் திமோத்தி அல்லது தடேயஸ். கானர் என்பவர் கார்னேலியஸ். டோனல் என்பவர் டேனியல். ஓவன் என்பவர் யூஜின். ஒலியிலும் பொருளிலும் ஒட்டாத இந்த இணைகள் எழுத்தர்களின் வழக்கமாக நிலைத்தவை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் முறையும் சேர்ந்துகொள்வதால், ஒரே பங்கில் ஒரே வயதில் நான்கைந்து ஜெரமையா சல்லிவன்கள் இருப்பார்கள், எல்லாரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாக. அவர்களை ஊரார் தலைமுடி நிறத்தாலும் தகப்பன், பாட்டன் பெயராலும் அடையாளம் கண்டார்கள். பதிவேட்டில் அது இராது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்தகப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். அங்கிருந்துதான் பிரிக்கத் தொடங்க வேண்டும்.