மச்சான் பார்த்த படகும் எட்டு மடங்குக் கணக்கும்

என் மச்சானுக்குக் கொளத்தூர்ப் பக்கம் தோட்டம். மேட்டூர் அணை நிறைந்திருக்கும் மாதங்களில் தண்ணீர் அவருடைய வேலிக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கும். சென்ற ஆண்டு அப்படி நின்றபோதுதான் அவருக்குப் படகு ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரலாம் என்றார். பழைய ஃபைபர் படகுகள் இரண்டைப் பார்த்தும் வைத்துவிட்டார். ஒன்று 14 அடி நீளம், 3 அடி அகலம். மற்றது 12 அடி நீளம், 5 அடி அகலம்.

"நீளமானதையே எடுத்துவிடலாம் மாப்பிள்ளை. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், விலையும் குறைவு" என்றார். பலகைகளை எண்ணி, பலகைக்கு இரண்டு பேர் என்று பெருக்கியிருக்கிறார். பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு சரி. பஸ் தரையில் நிற்கிறது.

படகு எத்தனை பேரை மிதக்க வைக்கும் என்பது எளிதான கேள்வி. ஆர்க்கிமிடீஸ் அதற்கு விடை சொல்லி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. படகும் ஆட்களும் சேர்ந்து எத்தனை கிலோவோ, அத்தனை கிலோ தண்ணீரை விலக்கும் ஆழம் வரை படகு அமிழும். கோபிச்செட்டிபாளையம் அருகே கொடிவேரி அணைக்கட்டில் ஓடும் பரிசலை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். அடிப்பகுதி 180 செ.மீ. குறுக்களவும், மேல் விளிம்பு 220 செ.மீ. குறுக்களவும், 60 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பரிசல் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ இரண்டரை சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு 25 கிலோவுக்கும் அது ஒரு செ.மீ. அமிழும். ஒரு மஞ்சள் மூட்டை எடையுள்ள ஆள் ஏறினால் மூன்று செ.மீ.கூட இறங்காது. தலா 65 கிலோ என்று பரிசல்காரரோடு ஆறு பேர், பரிசலின் எடை 60 கிலோ, மொத்தம் 450 கிலோ. அமிழ்வது 18 செ.மீ.தான். விளிம்பு நீருக்கு மேல் இன்னும் 42 செ.மீ. நிற்கிறது. மிதப்புக் கணக்கை மட்டும் நம்பினால் இன்னும் பத்துப் பேரை ஏற்றலாம்.

ஏற்றினால் என்ன ஆகும் என்பது பரிசல்காரருக்குத் தெரியும். கொடிவேரியில் என் மனைவி படம் எடுப்பதற்காக எழுந்தபோது அவர் துடுப்பைக்கூட நிறுத்தாமல், "அம்மணி, உட்கார்ந்தபடியே எடுங்கள்" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. ஆனால் கூடையில் இருந்த எல்லாரும் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டோம்.

சோளத்தட்டு ஏற்றிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே எடையைத் தாழ்வாக அடுக்கினால் வண்டி மேட்டுப் பாதையிலும் நிமிர்ந்து போகும், உயரமாக அடுக்கினால் ஒரு பள்ளம் போதும். தரையில் உட்கார்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் பரிசலின் அடியிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். எழுந்து நின்றால் அது 95 செ.மீ.க்கு ஏறிவிடும். மேலே சொன்ன பரிசலில் ஒருவர் நடுவிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் போகிறார் என்று கொள்வோம். எல்லாரும் உட்கார்ந்திருந்தால் பரிசல் தோராயமாக 6 பாகை சாயும், விளிம்பு 12 செ.மீ. தாழும். எல்லாரும் நின்றுகொண்டிருந்தால் சாய்வு 15 பாகை. விளிம்பு ஏறத்தாழ 29 செ.மீ. தாழ்ந்து, 42-இல் 13 மட்டும் மிஞ்சும். அடுத்தவர் பயந்து அதே பக்கம் ஒரு அடி வைத்தால் மிச்சமும் கரைந்துவிடும்.

சாய்ந்த படகை நிமிர்த்துவது எது? அதுவும் தண்ணீர்தான். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு பகுதி புதிதாக நீருக்குள் போகிறது, இடப்பக்கத்தில் அதே அளவு ஆப்பு வெளியே வருகிறது. புதிதாக அமிழ்ந்த ஆப்பை நீர் மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளுதலின் பலம்தான் படகின் உறுதி.

மச்சானிடம் ஒரு தாளில் வரைந்து காட்டிய இடம் இது. படகின் அகலத்தை இரண்டு மடங்காக்குங்கள். அதே சாய்வுக்கு விளிம்பு இரண்டு மடங்கு ஆழம் இறங்கும். ஆப்பின் அகலமும் இரண்டு மடங்கு. ஆக ஆப்பின் பருமன் நான்கு மடங்காகிறது. அந்த ஆப்பு நடுக்கோட்டிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால் நெம்புகோல் போல அதன் பலன் மறுபடி இரண்டு மடங்காகிறது. மொத்தம் எட்டு. நீளத்தை இரண்டு மடங்காக்கினாலோ ஆப்பு நீளுமே தவிர வேறொன்றும் மாறாது. பலன் வெறும் இரண்டு மடங்கு.

இப்போது அவருடைய இரண்டு படகுகளுக்கு வருவோம். நீளத்தை ஒருமுறையும் அகலத்தை மூன்று முறையும் பெருக்க வேண்டும். நீளப் படகுக்கு 14 × 3 × 3 × 3, அதாவது 378. குட்டைப் படகுக்கு 12 × 5 × 5 × 5, அதாவது 1,500. இரண்டடி குட்டையான படகு, சாய்வை எதிர்ப்பதில் ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவானது. மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை வித்தியாசத்தை நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வட்டத்துக்கு ஒடுங்கிய பக்கம் என்று ஒன்று கிடையாது. எந்தத் திசையில் சாய்ந்தாலும் முழுக் குறுக்களவும் எதிர்த்து நிற்கும். அதே எடையோடு 7 அடிப் பரிசலை 8 அடியாக்கினால் எதிர்க்கும் வலு 1.7 மடங்காகிறது. மீதி விடை காவிரிப் பாறைகளில் இருக்கிறது. தட்டையான அடி முழங்கால் ஆழத்திலும் மிதக்கும். மூங்கில் பின்னல் பாறையில் இடித்தால் வளைந்து கொடுக்கும். முன்பு மேலே தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். வேலை முடிந்ததும் பரிசல்காரர் அதைக் குடை போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். நேராகப் போகத் தெரியாது என்பது அதன் ஒரே குறை. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் சுற்றும்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரைப் பெரும்பாலானவர்கள் கால் நனையும் தொல்லையாக மட்டுமே பார்க்கிறார்கள். நமது பரிசலின் தரையில் 2 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 50 கிலோ. எடை பெரிதல்ல, அது உட்கார்ந்த இடத்தில் உட்காராது என்பதே சிக்கல். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே மொத்தமும் ஓடும். யார் எழுந்தாலும் அவர் பின்னாலேயே எழுந்து ஓடும் ஏழாவது பயணி என்று வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பை மறந்தாலும் இறைக்கும் குவளையை மறக்கக் கூடாது.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் ஆடிக் காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காற்று தடையில்லாமல் ஓடும் நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ, அலையும் அவ்வளவு வளரும். பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் படகுத்துறையில் நீர் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். மேட்டூர் நீர்த்தேக்கம் அப்படியல்ல, அங்கே அலைக்கு வளர இடம் இருக்கிறது. ஆட்கள் ஏறிய பிறகு விளிம்பு நீருக்கு மேல் இரண்டு சாணாவது இருக்க வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். குளத்துக்கு ஒன்றே போதும் என்பேன்.

இவ்வளவும் கேட்டவர், "அப்படியென்றால் இன்னும் பெரிதாக, 18 அடியில் ஒன்று பார்க்கட்டுமா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா அளவுகளையும், தகட்டின் கனத்தையும் சேர்த்து, இரண்டு மடங்காக்கினால் படகின் எடை எட்டு மடங்காகும். மேட்டூரில் 120 அடி வரை நிற்கும் தண்ணீர் கோடையில் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த நந்தி வெளியே தெரியும். மச்சானின் கரையும் அந்நேரம் வெகு தூரம் பின்வாங்கிவிடும். அந்தச் சேற்றில் படகை இழுக்கப் போவது நாங்கள் இரண்டு பேர்.

பலகையை எண்ணாமல் ஆட்களை எண்ண எளிய வழி ஒன்று உண்டு. 20 அடிக்கும் குறைவான படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்வது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். ஒரு ஆளுக்குச் சுமார் 68 கிலோ என்பது அதன் அடிப்படை. நீளப் படகுக்கு 2.8 வருகிறது. எட்டுப் பேர் என்று மச்சான் சொன்ன படகில் இரண்டு பேர்தான். குட்டைப் படகுக்குச் சரியாக 4, அதாவது 272 கிலோ. அதுவும் அமைதியான நீரில். லைஃப் ஜாக்கெட் தனிக் கணக்கு. நீரில் விழுந்த பெரியவரின் தலையை மேலே வைத்திருக்க நாலைந்து கிலோ மிதப்பே போதும், ஆனால் அதை ஏறும் முன்பே மாட்டியிருக்க வேண்டும்.

அகலமான படகையே வாங்கினார். நீர்த்தேக்கத்தில் இறக்க அனுமதி கேட்டுவர அலைந்தது வேறு கதை. முதல் ஞாயிற்றுக்கிழமை களத்துமேட்டுத் தராசில் எல்லாரையும் நிறுத்தினோம். மனைவி 58, மகள் 30, மகன் 22, குழந்தைகளின் அம்மிச்சி 48, துடுப்புப் போடும் மச்சான் 80. மொத்தம் 238. நான் 72 கிலோ. கூட்டிப் பார்த்த மகள் தாளை என்னிடமே நீட்டினாள். அம்மிச்சி பலகையில் உட்கார மறுத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கரையில் எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாக நின்றேன்.